வந்த நேரம் 11.40

மார் லோங் காட்டில்
எரிமலை ஊற்றி ஆறவைத்த கருங்கல்லின் மேல்
இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றைக் கட்டியிருந்தோம்.
ஒரு முனை தக்கமக்கா மரத்தில்.
நம் புன்னைக்குச் சித்தப்பா மகன் அது,
இலையைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும்.
மறுமுனை வண்டியின் பக்கக் கண்ணாடியில்.
பாதரச விளக்கு. பெட்ரோல் குடித்து இருமும் ஜெனரேட்டர்.
கீழே எங்கோ கடல்
பாறையோடு ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டது.

விளக்குக்குப் பொறுப்பு ரோஸ்-மே வையாபுரி.
அடையாள அட்டையில் வயாபூரி.
அவளும் அப்படித்தான் சொல்வாள்.
நான் திருத்துவதில்லை.

ஒன்பது மணிக்குள் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள்:
கரும்புத் தண்டு துளைக்கும் சாம்பல் பொடியன்,
விரிப்பில் வந்து முட்டிக்கொள்ளும் தடியன்,
பட்டாணித் தோல் நிறத்தில் ஒருத்தி.
நான் பெயர் சொல்லச் சொல்ல அவள் கோடு போட்டாள்,
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று.

பிறகு மழை யோசித்து யோசித்து நின்றது.

அது பறந்து வந்ததைப் பார்க்கவில்லை.
பார்த்தபோது அங்கே இருந்தது,
மேல் விளிம்பில், தையல் பிரிந்த இடத்துக்குப் பக்கத்தில்.
உள்ளங்கையில் பாதி.
நனைந்த பனையோலை நிறம் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, ஆறிய தேநீரில் படியும் ஆடையின் நிறம்.
அதையும் அடித்தேன்.
முன்சிறகின் நடுவில் ஒரு பொட்டு.
பொட்டு இல்லை, துளை. துளையும் இல்லை,
செதில் படாத சின்ன ஜன்னல்:
அதன் வழியே விரிப்பின் நெசவு தெரிந்தது.

புத்தகத்தில் நாற்பத்தேழு படப் பக்கங்கள்.
உணர்கொம்பு சீப்பு மாதிரி என்றால் இந்தக் குடும்பம்,
நூல் மாதிரி என்றால் அந்தக் குடும்பம்.
இதற்குப் பாதி வரை சீப்பு, மிச்சம் நூல்.
சிறகைக் கூரையாகச் சாய்க்கிறதா, தட்டையாக விரிக்கிறதா?
இடப்பக்கம் கூரை.
வலப்பக்கம், என்னைக் கேட்டால், சோம்பல்.

"தமிழில் இதுக்கு என்ன பேர்?"
தமிழைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.
இரண்டு சொல் இருக்கிறது என்றேன்.
விளக்கில் விழுந்து செத்தால் விட்டில்.
அரிசியில் பிறந்து வளர்ந்தால் அந்து.
அவள் விரிப்பைப் பார்த்தாள்.
ஒரு முழத்தில் விளக்கு எரிய
அது முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.
"சாகவும் வரல, சாப்பிடவும் வரல."
அவள் சொன்னது கிரியோலில்.
என் காதில் இப்படித்தான் விழுந்தது.

போத்தல் என்னிடம் இருந்தது.
திறந்தால் நகப்பூச்சு அழிக்கும் வாசனை.
உறுதியாகச் சொல்ல ஒரே வழி
வயிற்றை நறுக்கி, காரத்தில் வேகவைத்து,
கண்ணாடித் தகட்டில் நுனிக் கொக்கியைப் பார்ப்பது.
இனத்துக்கு இனம் சாவிபோல் மாறுவது அதுதான்.
கூடுகிற உறுப்பைப் பார்த்துப் பேர் வைக்கிறோம்,
செத்த பிறகு.

கருணை என்று எழுதினால் பொய்.
மூடியில் கை வைத்திருந்தேன்.
அப்போது அது நடுங்கத் தொடங்கியது.
குளிருக்கு இல்லை,
பறக்கும் முன் தசையைச் சூடேற்றும் நடுக்கம்.
பறக்கவில்லை. அடங்கியது. மறுபடி நடுங்கியது,
வாசலில் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நிற்கும் ஆள்போல.
பார்த்துக்கொண்டே இருந்ததில்
மூடி என் கையில் இருப்பது மறந்துபோனது.

இரண்டேகாலுக்குப் பெட்ரோல் தீர்ந்தது.
விரிப்பை மடிக்க வேண்டும், நாலு முனை, இரண்டு பேர்.
டார்ச்சைத் தரைக்குச் சாய்த்து
"உன் ஆள் இன்னும் போகல" என்றாள்.
கொஞ்சம் நின்றாள். வண்டிக்குள் போய்த் தூங்கினாள்.
நான் ஒரு முனையைப் பிடித்தபடி
காயப்போட வந்த துணியிடமே
கொடி எங்கே என்று கேட்பவன்போல.

பதிவேட்டில் ஐந்து கட்டம்.
இடம்: மார் லோங், எரிமலைக் கல், மழைக்குப் பின்.
கண்டவர்: ரோஸ்-மே வயாபூரி.
அதுதான் உண்மை, நான் புத்தகத்தில் குனிந்திருந்தேன்.
வந்த நேரம்: 11.40.
பெயர்:
போன நேரம்: நான் தும்மிக்கொண்டிருந்தேன்.